நிபோங் திபால் தோட்டத்தில் கிடக்கும் இராணுவ டிரெய்லர்: சப்பான்காரன் வண்டியா, வெள்ளைக்காரன் வண்டியா?

செம்பனைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டம். நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது, மிச்சமிருக்கும் ஸ்டோரையும் சீக்கிரம் இடிக்கப் போகிறார்கள். அந்த ஸ்டோருக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் ஒரு இரண்டு சக்கர டிரெய்லர் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து பார்த்து எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் மானேஜரிடம் கெஞ்சிக் கேட்டதில் எனக்கே தருவதாக ஒத்துக்கொண்டார், ஆனால் இடிக்க வருவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

என் தாத்தா இந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ரப்பர்ப் பால் நிரப்பிய தோம்புகளை, அதாவது பீப்பாய்களை, இந்த டிரெய்லரில் ஏற்றித்தான் காட்டிலிருந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவாராம். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் பெரியவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே வாயாக, சப்பான்காரன் ஓடும்போது விட்டுப்போன வண்டி என்கிறார்கள்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்றால்: முழுக்க இரும்புத் தகடால் ஆன தொட்டி, நீளம் ஆறடி இருக்கும். வெளிப்பக்கம் சுற்றிலும் கயிறு கட்டுவதற்குச் சின்னச் சின்னக் கொக்கிகள். முன்னால் ஒரு கைப்பிடி நெம்புகோல், பிரேக்காக இருக்க வேண்டும், துருவேறி அசையவே இல்லை. மடக்கி வைக்கும் ஒற்றைக் கால் ஒன்று. அடித்தகட்டில் திருகி அடைத்த மூடி இருக்கிறது, அது ஏன் என்று புரியவில்லை. சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள், உள்வட்டத்தில் ஐந்து, வெளிவட்டத்தில் எட்டு. பின்பக்கத் தகட்டைத் தோட்டத்தில் யாரோ வெட்டி, கேட்டுக்குப் போடும் கீல் வைத்துக் கதவாக்கியிருக்கிறார்கள். முன்னால் இருந்த வளையத்தையும் வெட்டிவிட்டு டிராக்டர் கொக்கிக்கு ஏற்றபடி வேறொன்றை வெல்டிங் செய்திருக்கிறார்கள். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும்தான் மிச்சம்.

இது என்ன வண்டி, எங்கிருந்து வந்திருக்கும், எங்கே தொடங்கிச் சரிசெய்வது? வேலை கொஞ்சம் தெரியும், வெல்டிங் பிடிப்பேன். முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

செந்தூல் பட்டறை எழுதியது:

தம்பி, சக்கரத்தில் கை வைக்காதே! மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதைப் படி.

நீ சொல்கிற அந்த வெளிவட்டத்து எட்டு நட்டு சக்கரத்தை அச்சோடு பிடிக்கிற நட்டு கிடையாது. அந்தச் சக்கரம் இரண்டு பாதியாகச் செய்து சேர்த்தது, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த எட்டுதான். டயரில் காற்று இருக்கும்போது அதை அவிழ்த்தால் பாதிச் சக்கரம் உன் முகத்துக்கு வரும். டயர் தட்டையாகத் தெரிந்தாலும் நம்பாதே, வால்வின் உள்முள்ளையே கழற்றி எடுத்துவிட்டு, காற்று முழுக்கப் போனதைப் பார்த்த பிறகுதான் எட்டைத் தொடலாம். வண்டியிலிருந்து சக்கரத்தை இறக்க உள்வட்டத்து ஐந்து நட்டு போதும். அந்த ஐந்திலும் போல்ட்டின் முனையைத் துடைத்துப் பார், ஆங்கில 'எல்' எழுத்து குத்தியிருந்தால் அது இடதுமரை, மற்ற நட்டுக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி இழுத்து போல்ட்டை முறித்தவர்கள் நிறைய.

இனி உன் கேள்வி. இரண்டு பாதிச் சக்கரம், நீர் புகாத தொட்டி, அடியில் வடிகால் மூடி, ஒற்றைக் கால், பக்கக் கொக்கி, கைபிரேக். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் உலகப்போரில் ஜீப்புக்குப் பின்னால் இழுத்த அமெரிக்கக் கால் டன் டிரெய்லர் மாதிரி இருக்கிறது. ஆனால் சக்கரம் எங்கிருந்தாவது வந்து மாட்டியதாகவும் இருக்கலாம், தோட்டத்தில் எது எதற்கு மாறும் என்று சொல்லவே முடியாது. அதனால் இரண்டு அளவு எடுத்துப் போடு.

ஒன்று, ஐந்து போல்ட்டில் பக்கத்துப் பக்கத்து இரண்டின் நடுவுக்கு நடு தூரம். ஜீப்பின் போல்ட் வட்டம் 5.5 அங்குல விட்டம், லேண்ட் ரோவருடையது 6.5. ஐந்து போல்ட் என்பதால் நேர் எதிரில் இன்னொரு போல்ட் இருக்காது, விட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் போல்ட்டுக்கு அளந்தால் ஜீப்புக்குக் கிட்டத்தட்ட 3.2 அங்குலம் வரும், லேண்ட் ரோவருக்கு 3.8 வரும். இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

இரண்டு, இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை. ஜீப் என்றால் 49 அங்குலம். முன்னால் போகும் வண்டியின் தடத்திலேயே பின்னால் வருவதும் உருள வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. லேண்ட் ரோவர் முதல் தொடர் 50, இரண்டாம் தொடர் 51.5. போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில் இங்கே லேண்ட் ரோவர்கள் நிறைய ஓடின, அவற்றுக்கும் டிரெய்லர் உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

விளக்கு இருந்த இடத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடு. போர்க்கால ஜீப் 6 வோல்ட். 1950களில் அமெரிக்கா செய்த எம்100 என்ற டிரெய்லரும் தொட்டியளவில் இதே மாதிரிதான், ஆனால் அதற்கு 24 வோல்ட்.

பட்டர்வொர்த் வாசகர் எழுதியது:

பெரியவர்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் இந்த விஷயத்தில் தேதி ஒத்துவரவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கு விழுந்தது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குள் மலாயாவில் பிரிட்டிஷ் படையிடம் ஜீப்பே கிடையாது. ஜீப் டிரெய்லர் பெருமளவில் செய்யப்பட்டதே அமெரிக்கா போரில் இறங்கிய பிறகுதான். எனவே சப்பான்காரன் இங்கே பிடுங்கி வைத்துக்கொண்ட வண்டியாக இருக்க வழியில்லை.

அப்படியானால் எப்படி வந்தது? 1945 செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கித் தீவைத் திரும்ப எடுத்தார்கள். செப்டம்பர் 9இல் தெற்கே மோரிப் கடற்கரையில் பெரிய படையிறக்கம் நடந்தது, ஆப்பரேஷன் ஸிப்பர் என்று அதற்குப் பெயர், இறங்கியதில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். அந்தப் படை கொண்டுவந்த வண்டிகளில் அமெரிக்கா கொடுத்த ஜீப்புகளும் அவற்றின் டிரெய்லர்களும் இருந்தன. பிற்பாடு இராணுவம் கழித்துப்போட்டதைத் தோட்டங்கள் வாங்கின. மழைக்காலச் சேற்றில் பால் ஏற்றிவர அதைவிட நல்ல வண்டி அந்தக் காலத்தில் கிடைத்திருக்காது.

பெரியவர்கள் ஏன் சப்பான்காரன் வண்டி என்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு அந்த மூன்றரை வருடம்தான் போர். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குச் சப்பான்காரர்கள் லயத்துக்கு லயம் ஆள் பிடித்துப் போனார்கள், போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்தக் காலத்து இரும்பு எதைப் பார்த்தாலும் அவர்கள் வாயில் சப்பான்காரன் பெயர்தான் முதலில் வரும். அதனால் வண்டியைப் பற்றிக் கேட்கும்போது அவர்கள் சொல்கிற மற்றதையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, வண்டியின் தேதி தவறாக இருந்தாலும் மனிதர்களைப் பற்றி அவர்கள் சொல்வது வேறெங்கும் கிடைக்காது.

இந்த டிரெய்லரை இரண்டு கம்பெனிகள் செய்தன. ஒன்று வில்லிஸ், இன்னொன்று பாண்டம். பாண்டம் பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த சின்னக் கம்பெனி. 1940இல் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்து இராணுவத்திடம் ஒப்படைத்ததே அவர்கள்தான், ஆனால் பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது, பாண்டமுக்கு மிஞ்சியதில் முக்கியமானது இந்த டிரெய்லர். எனக்கு அந்தக் கம்பெனி மேல் தனிப் பிரியம் உண்டு, உங்களுடையது பாண்டமாக இருக்க வேண்டும் என்று மனது சொல்கிறது. பெயர்த்தகடு போனால் போகட்டும், சட்டத்தின் இரும்பைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்து எண் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம் சாயம். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் சுரண்டித் தள்ளாதீர்கள். 400 நம்பர் தண்ணீர்த் தாளை நனைத்து, ஐம்பது காசு அளவுக்கு ஓரிடத்தில் வட்டமாகத் தேயுங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளியே வரும், மேலிருந்து கீழாக என்ன நிறம் என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் நனைத்தே தேயுங்கள், உலர் தூசி ஆகாது, பழைய சாயத்தில் ஈயம் இருக்கும். மூக்குக்கு முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பளபளப்பான கரும்பச்சை வந்தால் அது போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பூச்சு. அதற்கும் கீழே பளபளப்பில்லாத, கொஞ்சம் மண்ணிறம் கலந்த பச்சை வந்தால் அது போர்க்காலம். பக்கத் தகட்டில் வெள்ளை எழுத்து தென்பட்டால் உடனே நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். பிரிட்டிஷ் இராணுவம் போர்க்காலத்தில் டிரெய்லர்களுக்கு 'எக்ஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் எண் போட்டது.

செம்பனைக்காடு எழுதியது:

அண்ணே, ஐயா, ரொம்ப நன்றி. சக்கரத்தைத் தொடவில்லை. அளவு எடுத்துவிட்டேன்: பக்கத்துப் போல்ட்டுக்கு மூன்றேகால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு, டயர் நடுவுக்கு நடு 49. இடப்பக்கப் போல்ட் ஐந்திலும் 'எல்' குத்தியிருக்கிறது.

சாயம் இன்னும் ஆச்சரியம். வெளியே மேலே வெள்ளிப் பூச்சு, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே நீங்கள் சொன்ன பளபளப்பான கரும்பச்சை. ஆனால் நல்ல இடம் தொட்டிக்குள்ளே இருந்தது. முன்மூலையில் ஒட்டுப்பால், அதாவது சிந்தி உறைந்த ரப்பர்ப் பால், தடித்த தோல் போலப் படிந்து கறுத்துக் கிடந்தது, கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்துவிட்டது. அதன் அடியில் துருவே இல்லை! மங்கலான பச்சை, நேற்று அடித்தது மாதிரி. வலது பக்கத்தில் கரும்பச்சைக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, மெதுவாகத் தேய்த்தேன், 'எக்ஸ்' எழுத்தின் பாதியும் அதற்கடுத்து ஒரு 5உம் தெரிகிறது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கெட்ட செய்தியும் உண்டு. தொட்டியின் அடித்தகடு பின்பாதியில் சல்லடையாகப் போயிருக்கிறது. முன்பக்கச் சட்டம் இழுவைத்தண்டோடு சேரும் இடத்தில் விரிசல், வில் பட்டைகள் தட்டையாகிவிட்டன.

பட்டர்வொர்த் வாசகர் எழுதியது:

அந்த 'எக்ஸ்' போதும் தம்பி, மனது நிறைந்துவிட்டது. அமெரிக்காவில் செய்து பிரிட்டிஷ் கையில் ஓடிய போர்க்கால ஜீப் டிரெய்லர்தான். கரும்பச்சை மேலே இருப்பதால் போர் முடிந்தும் சில காலம் இராணுவத்தில் இருந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்திருக்கிறது. அந்த எண் இருக்கும் தகட்டை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள், மேலே புதுச் சாயமும் வேண்டாம்.

செந்தூல் பட்டறை எழுதியது:

தம்பி, சேதத்துக்குக் காரணம் சொல்கிறேன், காரணம் தெரிந்தால்தான் வேலை சரியாக வரும். இந்த டிரெய்லருக்கு இராணுவம் கொடுத்த பாரம் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ சுமார். 200 லிட்டர் டிரம் ஒன்றில் பால் நிரப்பினால் அதுவே 200 கிலோவை ஒட்டி வரும். தோட்டத்தில் ஒற்றை டிரம்மோடு நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறாயா? வில் தட்டையானதும் முன்சட்டம் வெடித்ததும் அதனால்தான், அதோடு டிராக்டர் கொக்கி உயரம் வேறு, இழுவைத்தண்டு எப்போதும் சாய்ந்தே இழுபட்டிருக்கும்.

அடித்தகடு போனதற்கு அந்த மூடிதான் காரணம். ஆற்றைக் கடக்கும்போது மிதக்க வேண்டும் என்று தொட்டியை நீர் புகாமல் செய்தார்கள், உள்ளே தண்ணீர் சேர்ந்தால் வடிக்க மூடி வைத்தார்கள். நம் ஊர் மழையில் மூடியைத் திறக்காமல் போட்டுவிட்டால் என்ன ஆகும், வருடம் முழுக்க அது குளம். பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் சிந்தியிருந்தால் இன்னும் வேகமாகத் தின்றிருக்கும். இன்றைக்கே போய் மூடிகளைத் திறந்துவிடு, முடியவில்லையென்றால் துருப்பிடித்த பக்கம் தண்ணீர் இறங்கும்படி முன்பக்கத்தைத் தூக்கி வை. ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் வேறு.

வேலைக்கு வா. தொட்டியை மணல் அடிக்கக் கொடுக்காதே. மணல் மோதுகிற வேகத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடும், அதோடு உன் 'எக்ஸ்' எழுத்தும் நொடியில் போய்விடும். சட்டத்தைத் தனியாகக் கழற்றிய பிறகு அதற்கு மட்டும் மணல் அடிக்கலாம். ஆனால் அவிழ்ப்பதற்கு முன்னால் விரிசலுக்கு இரண்டு பக்கமும் கோணம் சரியாக இருக்கிறதா என்று குறுக்கும் நெடுக்கும் டேப் பிடித்துப் பார், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் நேர். கோணலாக இருக்கும்போது வெல்டிங் பிடித்தால் கோணலோடு நிரந்தரமாக்கிவிடுவாய். விரிசலின் முனையில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு, விரிசலை வி வடிவமாகக் கடைந்து நிரப்பு. உள்பக்கம் ஒரு தகடு வைத்துத் தாங்கு கொடு, வெளியே தெரிய வேண்டாம்.

அடித்தகட்டுக்கு, துருவில்லாத இடத்தில் கனம் அளந்து அதே கனத்தில் புதுத் தகடு வாங்கு. கனமாகப் போட்டால் நல்லது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே, பக்கத் தகடு தாங்காது. தொழிற்சாலையில் புள்ளி வெல்டிங் செய்திருப்பார்கள், நீ ஓட்டை போட்டு நிரப்புகிற வெல்டிங் செய்தால் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படியே வரும். நல்லாயிருக்கிற முன்பாதியை விட்டுவிடு, முழுத் தரையையும் மாற்றுகிற ஆசை வேண்டாம்.

சின்னச் சாமான்கள், கொக்கி, நெம்புகோல், மூடி, நட்டு எல்லாவற்றையும் சலவைச்சோடாத் தண்ணீரில் போட்டு 12 வோல்ட் சார்ஜரால் துருவெடு. சாமானுக்கு எதிர்முனை, எதிரே ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு நேர்முனை. எதிரே துருப்பிடிக்காத எஃகு மட்டும் வைக்கவே கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். காற்றோட்டமான இடத்தில் வை, ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

பேரிங் கூம்பு உருளை வகையாக இருக்கும். கிரீஸைத் துடைத்தால் விளிம்பில் எண் தெரியும், அந்த எண்ணோடு பேரிங் கடைக்குப் போ, கோலாலம்பூரிலும் கிடைக்கும், பினாங்கிலும் கிடைக்கும். டயர் 6.00-16, இந்தியாவில் ஜீப்புக்கும் டிராக்டர் முன்சக்கரத்துக்கும் இன்னும் செய்கிறார்கள்.

கடைசியாக, பின்கதவை எடுத்துவிட்டு மூடிய தகடு போட்டு, முன்வளையமும் பழையபடி வைத்து, போர்க்காலப் பச்சை அடித்தால் அச்சு அசலாக வந்துவிடும்.

கெப்போங் அக்கா எழுதியது:

தம்பி, கடைசி வரியில் மட்டும் நான் செந்தூல் அண்ணனோடு உடன்பட மாட்டேன். அந்தப் பின்கதவை எடுக்காதீர்கள்.

இராணுவத்தில் இந்த வண்டி எத்தனை வருடம் இருந்திருக்கும்? அதன் ஆயுளில் பெரும்பகுதி நம் தோட்டத்தில்தான் கழிந்தது. அந்தக் கதவை வெட்டிக் கீல் வைத்தவர் ஏதோ ஒரு தோட்டத்துப் பட்டறைக்காரர், பெரும்பாலும் நம் ஆள். தோம்பைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குகிற கஷ்டத்தைப் பார்த்துத்தான் அதைச் செய்திருப்பார். போர்க்கால டிரெய்லர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பளபளவென்று நிறைய நிற்கின்றன. தோட்டத்துக் கதவு வைத்த டிரெய்லர் எத்தனை நிற்கிறது? ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்து வீடு கட்டினார்கள், ஸ்டோரும் போகப் போகிறது. நாங்கள் இங்கே வேலை செய்தோம் என்று காட்டக் கையில் பிடிக்கிற மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. அதையும் நாமே அறுத்துப் போட வேண்டுமா?

செந்தூல் பட்டறை எழுதியது:

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பழையபடி மூடிய தொட்டியாகப் பார்க்கத்தான் ஆசை, அதை மறைக்கவில்லை. ஆனால் கதவை அறுத்தால் திரும்ப வராது, மூடிய தகடு எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதனால் கதவு இருக்கட்டும். முன்கொக்கி மட்டும் வேறு விஷயம், அது வெல்டிங் மோசமாக இருந்தால் பாதுகாப்பு இல்லை, கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவி வைத்துக்கொள்.

செம்பனைக்காடு எழுதியது:

அக்கா, கதவு இருக்கும். பெரியவர் ஒருவரிடம் கேட்டேன், அதைச் செய்தது யார் என்று அவருக்கு நினைவிருக்கிறது, வாரக்கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வாங்கப் போகிறேன், ஐயா சொன்னபடி வண்டி மட்டும் இல்லாமல் மற்றதும். சாயமும் முடிவு செய்துவிட்டேன்: வெளியே இருக்கும் வெள்ளியையும் நீலத்தையும் அப்படியே விட்டுத் துருவை மட்டும் நிறுத்துவது, 'எக்ஸ்' தெரியும் இடத்தைத் திறந்தபடி வைப்பது, உள்ளே புதுத் தகட்டுக்கு மட்டும் பிரைமரும் பச்சையும். அந்த ஒட்டுப்பால் தோலையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது அவசரம் எடுத்து வருவதுதான். என் மாமாவிடம் பிக்கப் இருக்கிறது, மெதுவாக இழுத்து வரலாமா?

செந்தூல் பட்டறை எழுதியது:

கூடவே கூடாது. விரிசல் விட்ட சட்டம், விளக்கு கிடையாது, இருக்கிற பிரேக்கும் நிறுத்திவைக்க மட்டும்தான், அதுவும் இறுகிக் கிடக்கிறது, பதிவும் இல்லை. சரிசெய்த பிறகு சாலையில் இழுக்க ஆசையிருந்தால் வேலை தொடங்கும் முன்பே ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்.

இப்போதைக்குச் சாய்தள லாரி ஒன்றை வாடகைக்குப் பிடி. ஏற்றும்போது கேபிளை முன்கொக்கியில் மாட்டாதே, அது பிய்ந்து வரும். அச்சில் பட்டை சுற்றி இழு, இரண்டு பக்கமும் சமமாக. ஏற்றியதும் ஒற்றைக் காலை நம்பி நிறுத்தாமல் இழுவைத்தண்டின் கீழே கட்டை வைத்துக் கட்டு. முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை எடுத்துவிடு, பழைய டயர் வெயிலில் சூடாகி வழியில் வெடித்தால் பின்னால் வருகிறவனுக்கு ஆபத்து. மழை இல்லாத காலை நேரமாகப் பார்த்துப் போ, லாலான் காட்டில் லாரி சக்கரம் இறங்கிவிட்டால் பிறகு டிராக்டர் தேட வேண்டியிருக்கும்.